வேறுபாடே வராத லைன்

சந்தோஷின் முனைவர் பட்ட ஆய்வு ஒரு பூஜ்யத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஓசூர் ஆலைத் தொழிலாளர்களின் பணித் திருப்தி என்பது தலைப்பு. இருநூறு பேர், ஆளுக்கு இருபது கேள்விகள். அத்தனை பேரும் அத்தனை கேள்விக்கும் 'மிகவும் திருப்தி' என்றே டிக் அடித்திருந்தார்கள். பதிலுக்குப் பதில் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம் பூஜ்யம். மென்பொருள் சற்று யோசித்துவிட்டு, இதை வைத்து எதையும் கணக்கிட முடியாது என்று கைவிரித்தது.

கல்லூரியில் புள்ளியியல் தெரிந்தவர் ராஜசேகர் சார் ஒருவர்தான். அதனால் செவிலியர் மாணவியின் கைகழுவும் பழக்கம், தோட்டக்கலைத் துறையின் மாங்கூழ், தமிழ்த் துறையின் உவமைகள் என்று எல்லார் ஆய்வும் அவர் மேசைக்கே வந்து சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே சோதனையைத்தான் போடுவார். சொல்லி வைத்தாற்போல் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு' என்று வரும். அப்பேர்ப்பட்டவரே சந்தோஷின் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி.

"அங்கங்க ரெண்டு மூணு மாத்திப் போட்டுக்க தம்பி. நான் பாக்கல" என்றார்.

சந்தோஷுக்குக் கை வரவில்லை. முழுக்க நேர்மை என்று சொல்ல முடியாது. நாலாயிரம் கட்டங்களுக்குள் புகுந்து மாற்றும் சோம்பலுக்கும் அதில் பங்குண்டு. ஷிப்ட் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஆலைக்கே போனான்.

படிவங்களை நிரப்பி வாங்கித் தந்த லைன் சூப்பர்வைசர் தீர்த்தகிரி, பாராட்டு வரப்போகிறது என்ற முகத்தோடு எதிர்கொண்டார்.

"எங்க லைன்ல வேரியேஷனே வராதுங்க சார். எந்த ஆடிட்டர வேணா கூட்டியாங்க."

ஆராய்ச்சிக்கு அந்த வேரியேஷன்தான் வேண்டும் என்று சந்தோஷ் விளக்கினான். மெஷின் ரிப்பேராக வேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறவனைப் பார்ப்பதுபோல் தீர்த்தகிரி பார்த்தார். எல்லோரும் எப்படி ஒரே மாதிரி நிரப்பினார்கள் என்று கேட்டதற்கு நோட்டீஸ் போர்டைக் காட்டினார். அந்த ஆலையில் எந்தப் படிவம் வந்தாலும், சரியாக நிரப்பிய மாதிரித் தாள் ஒன்றை முதலில் ஒட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நிரப்ப வேண்டும்.

ஒட்டியிருந்த தாள் சந்தோஷுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. எப்படி நிரப்புவது என்று போன மாதம் தீர்த்தகிரி கேட்டபோது, டீ குடித்துக்கொண்டே அவனே மேலிருந்து கீழாக டிக் அடித்துக் கொடுத்தது. ஆக, அவன் இருநூறு தடவை அளந்திருந்தது, அந்த ஆலையில் ஒரு நாளும் வேலை பார்க்காத சந்தோஷின் திருப்தியை.

"எல்லாரும் முதல்லயே இப்பிடித்தான் போட்டாங்களா?"

தீர்த்தகிரி குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மறைப்பானேன் சார், முதல் ரவுண்டுல ரிஜெக்சன் ஜாஸ்தி. ஒரு ஆளு கேன்டீன் கேள்விக்கு டிக்கே போடாம ஓரத்துல சாம்பாரப் பத்தி ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காரு. எல்லாத்தையும் போர்டுல இருக்கறதப் பாத்துப் புதுசா ரீவொர்க் பண்ண வெச்சுட்டோம்."

ரிஜெக்ட் ஆன தாள்கள், பழுதான பாகங்களைப் போடும் சிவப்புத் தொட்டியில், விதிப்படி பத்திரமாகக் கிடந்தன. சந்தோஷ் ஒரு கை அள்ளிப் பார்த்தான். ஷிப்ட் பிடிக்காதவர், சம்பளம் பிடிக்காதவர், எல்லாம் பிடித்து சூப்பர்வைசரை மட்டும் பிடிக்காதவர். இரண்டு தாள் ஒன்றுபோல் இல்லை. இத்தனை விலக்கத்தை அவன் வாழ்நாளில் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

தீர்த்தகிரி லேசில் தரவில்லை. பழுதான சரக்கு வெளியே போனால் லைன் பெயர் என்ன ஆவது என்பது அவர் கவலை. ஆலையின் பெயரோ லைனின் பெயரோ ஆய்வேட்டில் வராது என்று சந்தோஷ் சத்தியம் செய்த பிறகுதான், ஸ்கிராப் என்று கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார். கேட்டில் செக்யூரிட்டி மூட்டையை எடை போட்டு, 'கழிவுத் தாள், உபயோகமற்றது' என்று எழுதிச் சந்தோஷிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ராஜசேகர் சார் வழக்கமான சோதனையைப் போட்டார். வழக்கம்போல வேறுபாடு உண்டு என்று வந்தது. இந்த முறை மட்டும் அவருக்கே நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

வியாழக்கிழமை ஆய்வேட்டில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. மாதிரிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற கேள்விக்கு நேராகச் சந்தோஷ் உள்ளதை உள்ளபடி எழுதினான்: 'தரக் கட்டுப்பாட்டில் நிராகரிக்கப்பட்டவை மட்டும்.'