ஆற்றுக்கு இந்தப் பக்கம்

மாசா காவல் நிலையத்துக்கு வந்தபோது, ஜக்தல்பூர் செய்தியாளர்கள் புளியமரத்தடியில் கேமராக்களை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் நீலத் தார்ப்பாய் விரித்து மூன்று உடல்களைக் கிடத்தியிருந்தார்கள். மூன்றுக்கும் பச்சைச் சீருடை. இன்ஸ்பெக்டர் எதிரே வந்து கை கொடுத்து, "பெரிய வெற்றி தலைவரே, நாலு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். மாசா தார்ப்பாயைக் கடந்து நடந்தார். நடுவில் கிடந்தவன் சன்னு. அவருடைய அக்கா ஆய்த்தேயின் மகன்.

உற்றுப் பார்க்கத் தேவையில்லை. மூன்று வருடம் அவர் வீட்டில் வளர்ந்த பையன் அவன். நடை நிற்கவில்லை. கேமராவுக்கு முன் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டார். "துப்பாக்கியை நம்பிக் காட்டுக்குள்ள போனவங்களுக்கு இதுதான் கதி. மிச்சம் இருக்கிற பிள்ளைங்க இப்பவாவது திரும்பி வரணும்" என்றார். எத்தனையோ கூட்டங்களில் சொன்ன அதே வாக்கியம். குரல் பிசிறவில்லை. ஜீப்பில் திரும்பும்போதுதான் அது அவருக்கு விசித்திரமாகப் பட்டது, வேறு யாரோ பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டதுபோல.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூஸ்கேல் என்ற ஊரில் ஊர்த்தலைவரான பட்டேல் வீட்டில் பிறந்தவர் மாசா. அந்தக் கரையில் கல்லூரிவரை போன முதல் ஆள். இரண்டு முறை சட்டமன்றத்துக்குப் போனார். காட்டுக்குள் இருக்கும் துப்பாக்கிக்காரர்கள் முதன்முதலில் ஊருக்கு வந்தபோது அவருக்கும் அவர்களைப் பிடித்திருந்தது. வனக்காவலர்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு போவது நின்றது. பீடி இலைக்கு விலை ஏறியது. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வீட்டு அரிசிதான் அவர்களுக்குப் போயிற்று. பிறகு, பட்டேலிடம் யாரும் வழக்குக்குப் போகக்கூடாது என்றார்கள். பிறகு, தேர்தல் கூடாது என்றார்கள். அப்புறம் ஒரு நாள் அவருடைய தம்பி கோசாவை உளவாளி என்று ஊர் நடுவில் நிறுத்தி விசாரித்து, ஊர் பார்க்கவே கழுத்தை அறுத்தார்கள். கூட்டத்தில் ஆய்த்தேயும் உட்கார்ந்திருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் மாசா ஆள் திரட்டினார். வில்லும் கோடாரியுமாக ஊர் ஊராக ஊர்வலம் போனார்கள், பின்னால் போலீஸ் வந்தது. வந்த ஊர்களைச் சாலையோர முகாமுக்குக் கூட்டி வந்தார்கள். வராத ஊர்கள் எரிந்தன. தன் கையால் ஒரு கூரைக்கும் தீ வைத்ததில்லை என்று மாசா எல்லாரிடமும் சொல்வார். அது உண்மைதான். அவர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். பூஸ்கேலில் எரிந்தவற்றில் ஆய்த்தேயின் நெற்குதிரும் ஒன்று. சேதி வந்த அன்று, அவர் வீட்டில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த சன்னு, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை.

காவல் நிலையத்திலிருந்து திரும்பி, மணல் மூட்டைகளையும் முள்கம்பியையும் தாண்டி மாசா வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. மனைவி ஜிம்மே சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"யார் சொன்னது?"

"முகாம் பூரா தெரியும். உனக்குப் பசிச்சா போலீஸ்காரங்ககிட்டயே போய்த் தின்னு. இன்னிக்கு அவங்க விருந்து வைக்கிறாங்களாமே."

அவர் கயிற்றுக் கட்டிலில் சட்டையைக் கழற்றாமல் படுத்தார்.

மறுநாள் காலை ஆய்த்தே வந்தாள். அவளோடு ஐந்தாறு பெண்கள். ஆண்கள் யாரும் வரவில்லை, வந்தால் பிடித்துவைத்துக்கொள்வார்கள். காவல் நிலையத்தின் பின்பக்கம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கோசா இறந்ததற்குப் பிறகு மாசா அவளைப் பார்த்ததில்லை. முன்பற்கள் போயிருந்தன. காதில் அம்மாவுடைய வளையங்கள். அவர் வந்து நின்றதும் அவள் எழவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டாள். மெய்க்காவலன் உங்கா துப்பாக்கியோடு பக்கத்தில் வந்து நின்றான். முகாமில் வளர்ந்த பையன், மாசாவை மாமா என்று கூப்பிடுகிறவன்.

"கொழுத்துட்டே" என்றாள் ஆய்த்தே.

"அக்கா."

"ரேடியோல கேட்டேன். குரல் நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம அப்பா குரல்."

மாசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கா தொண்டையைச் செருமிக்கொண்டு நாலடி தள்ளிப் போனான்.

"உடம்பக் குடுக்கச் சொல்லிட்டேன்" என்றார் மாசா. "டிராக்டர் தரேன். ஆத்துவரைக்கும் கொண்டாந்து விடுவாங்க."

"டிராக்டர் கேட்டு நான் நடந்து வரல. தாய்மாமன் கோடித் துணி போடாம அவன மண்ணுல வைக்க முடியாது. நீ வரணும்."

"துணி இங்கயே போடறேன்."

"போலீஸ் முத்தத்துல போடறது துணியாடா? ஊருக்கு வா. நம்ம அப்பனும் கோசாவும் கிடக்கிற இடத்துக்கு வா."

"வந்தா என்னைக் கொன்னுடுவாங்க."

"ஒரு பொழுதுக்கு உன்னைத் தொட மாட்டோம்னாங்க. போய்க் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"நீ நம்புறியா?"

ஆய்த்தே புகையிலையை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டே யோசித்தாள். "நான் இப்போ யாரையும் நம்புறதில்ல. உன்னையும்தான். ஆனா துணி நீதான் போடணும். வேற மாமனுக்கு நான் எங்க போவேன்? ஒருத்தன அவங்க தின்னுட்டாங்க."

மாசா உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரில் இருந்த வரைபடத்தின் முன் போய் நின்றார்.

"தலைவரே, நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே முந்நூறு பேர அனுப்பறேன். சாவுக்கு அவங்க ஆளுங்க எல்லாரும் வருவாங்க, பெரிய தலைங்ககூட வரும். ஆத்தத் தாண்டிப் படைய அனுப்புங்கன்னு நீங்கதானே வருஷக் கணக்கா கேட்டீங்க?"

கேட்டார்தான். மந்திரிகளின் வீட்டு வராந்தாக்களில் உட்கார்ந்து கேட்டார். கோசாவை அறுத்தவன் எவன் என்று அவருக்குத் தெரியும், அவனும் வரக்கூடும். வரைபடத்தில் பூஸ்கேல் ஒரு புள்ளிகூட இல்லை, பச்சை நிறம் மட்டும்தான். அந்தப் பச்சையில் எந்த இடத்தில் புளியமரம், எந்த இடத்தில் புதைகாடு, எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஆசை வந்தது. அதை அவர் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்" என்றார். "போறதா இருந்தா தனியாப் போறேன்."

"சரி, உங்க விருப்பம்" என்றார் இன்ஸ்பெக்டர். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

சந்தைக் கடையில் மாசா வெள்ளைத் துணி வாங்கினார். டிராக்டரில் சன்னுவைக் கட்டிலோடு ஏற்றினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். உங்காவும் மற்ற மெய்க்காவலர்களும் கரைவரைக்கும் என்று பின்னால் ஜீப்பில் வந்தார்கள். முகாமைத் தாண்டும்போது ஒரு கிழவி பாதையோரம் நின்று, "என்ன பட்டேலு, உன்னோட ஆளுங்க சுட்டத நீயே தூக்கிட்டுப் போறியா?" என்று கத்தினாள். அவளுடைய மகனை அந்தப் பக்கத்துக்காரர்கள் கொன்றிருந்தார்கள். அவள் யார்மேல் கோபமாக இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் இருந்த இலுப்பைப்பூவைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுப் போனாள்.

ஆற்றில் தொடையளவு தண்ணீர் ஓடியது. கட்டிலை மணலில் இறக்கினார்கள். மாசா செருப்பைக் கழற்றினார். அப்போதுதான் உங்காவின் இடுப்பில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"அது என்னடா?"

"அவல் மாமா."

"கரைவரைக்கும் வந்துட்டுத் திரும்புறதுக்கு எதுக்குடா அவ்வளவு அவல்?"

உங்கா எங்கோ பார்த்தான். "பசிக்கும்ல" என்றான். காது சிவந்திருந்தது. மாசா மேற்கே திரும்பினார். இந்தக் கரைத் தேக்கு மரங்களுக்கு நடுவே ஏதோ ஒரு இரும்பு வெயிலில் மின்னி மறைந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. காவல் நிலையத்தில் எப்போதும் நிற்கும் லாரிகளில் ஒன்றுகூடக் கிளம்பும்போது அங்கே இல்லை என்பது அவருக்கு இப்போது உறைத்தது.

பெண்கள் கட்டிலைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். ஆய்த்தே புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, "வாடா" என்றாள்.

"நான் வரல."

"என்ன?"

"வரல அக்கா. இறக்குங்க. இங்கயே போடறேன்."

"துணியக் கையில வெச்சுக்கிட்டு இப்போ சொல்றியா?"

உங்காவும் மற்ற காவலர்களும் கேட்கும் தூரத்தில்தான் நின்றார்கள். மாசா குரலை உயர்த்தினார். மேடைக் குரல், மரங்கள்வரை போகும் குரல். "எனக்குப் பயமா இருக்கு! கேட்டுச்சா? பயமா இருக்கு! நான் இந்த ஆத்தத் தாண்ட மாட்டேன்!"

காவலர்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பெண்கள் கட்டிலைத் திரும்ப மணலில் வைத்தார்கள். மாசா துணியை உதறி விரித்துச் சன்னுவின் மார்பிலிருந்து கால்வரை போட்டார். முகத்தை மூடவில்லை. மூடக்கூடாது என்றில்லை, கை அதற்கு மேல் போகவில்லை. ஆய்த்தே அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மேற்கே மரங்களைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். குனிந்து துணியின் நுனியை இழுத்து மகனின் முகத்தை மூடினாள்.

"சின்ன வயசுல நீ பொய் சொன்னா மூக்கு விடைக்கும்" என்றாள் மெதுவாக. பெண்களைப் பார்த்து, "சீக்கிரம் நடங்கடி, வெயில் ஏறுது" என்று அதட்டினாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் தண்ணீரைத் தாண்டினார்கள். அந்தக் கரையில் மரங்களுக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கி வந்து கட்டிலை வாங்கிக்கொண்டார்கள். ஆய்த்தே ஒரு முறை அவர்களில் ஒருவனிடம் ஏதோ சொன்னதும், எல்லாரும் ஓடாத குறையாக உள்ளே போனதும் தெரிந்தது.

"போலாம் மாமா" என்றான் உங்கா. "இன்ஸ்பெக்டர் கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும். உக்காரு. அவல் இருக்குல்ல, தின்னு."

மாசா மணலில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து சாவு மேளம் கேட்டது. காற்று திரும்பும்போதெல்லாம் விட்டுவிட்டுக் கேட்டது. பெரிய மேளத்தை அடிப்பவன் நடுவில் தாளம் தப்பி மறுபடி பிடித்தான், புதுக் கையாக இருக்கவேண்டும். மேளம் நின்றதும் மாசா எழுந்தார். சட்டையும் வேட்டியுமாக ஆற்றில் இறங்கி நடந்தார். "மாமா, எங்க போற? மாமா!" என்று உங்கா கத்தினான். காவலர்கள் துப்பாக்கிகளை எடுத்தார்கள், எந்தப் பக்கம் குறிவைப்பது என்று தெரியாமல் சிலர் ஆற்றையும் சிலர் காட்டையும் பார்த்து நின்றார்கள்.

தண்ணீர் இடுப்புவரை வந்த பள்ளத்தில் மாசா நின்றார். சாவுக்குப் போய்வந்தவன் குளிக்கிற மாதிரி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைமுழுகினார். வெள்ளைச் சட்டை காற்றைப் பிடித்து முதுகில் உப்பி, அவர் மூழ்கிய இடத்தைக் காட்டிக்கொண்டு மிதந்தது.