ஏழாம் கேள்விக்கு இரண்டு விடை

நான் தூங்கி எழும் நேரத்தில்தான் தங்கை சில்வி பள்ளியிலிருந்து வருவாள். எனக்கு அது காலைச் சாப்பாடு, அவளுக்கு மாலைச் சாப்பாடு. இரண்டு பேருக்கும் ஒரே பீட்சாதான். நான் இரவு வேலை பார்க்கும் ஆலையில் உறைந்த பீட்சா செய்கிறார்கள். வட்டம் கோணிப்போனவையும், சீஸ் ஒரு பக்கமாகச் சரிந்தவையும் பெட்டிக்குள் போகாது. அவற்றை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கள் ஃப்ரீசர் முழுக்க அவைதான். ருசி பார்த்துச் சாப்பிடுவதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம்.

அப்பா இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் சமையல்காரர். சுப்பீரியர் ஏரி உறைந்து கப்பல் நிற்கும்வரை வீட்டுக்கு வரமாட்டார். அம்மா ஃபார்கோவில் வேறொருவரோடு இருக்கிறாள். நான் பதினோராம் வகுப்பில் நின்றுவிட்டேன். சில்வி பன்னிரண்டில் இருந்தாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் பேச்சு என்று ஒன்று நடந்தால் அது 'கேட்' பற்றித்தான்.

கேட் என்பது ஒரு தேர்வு. கால்குலஸ் வகுப்பில் தொடர்ந்து உட்கார வேண்டுமானால் அதைத் தாண்டியாக வேண்டும். அடிப்படை இயற்கணிதத்தில் பத்துக் கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. ஒன்பது சரியாக இருக்க வேண்டும். வழி சரி, விடை மட்டும் தப்பு என்றால் பாதி மதிப்பெண் தருவதெல்லாம் இல்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விடுமுறைக்குள் நான்கு முறை எழுதலாம். நான்கிலும் தவறினால் புள்ளியியல் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொறியியல் கல்லூரி சில்விக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது, கால்குலஸ் முடித்திருந்தால். ஆக, கேட் தாண்டினால் அவள் போவாள். இல்லாவிட்டால் இங்கேயே இருப்பாள், பெரும்பாலும் எங்கள் ஆலையில். ஆலை எப்போதும் ஆள் எடுத்துக்கொண்டே இருந்தது.

முதல் முறை அவளுக்கு ஐந்துதான் சரி. மேலே x கூட்டல் ஆறு, கீழே x என்று இருந்தால் இரண்டு x-ஐயும் அடித்துவிட்டு ஆறு என்று எழுதுவாள். அப்படி அடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவசரத்தில் கை அடித்துவிடும். இரண்டாம் முறை ஏழு. அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி இருந்தால் உள்ளே முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவாள்.

தினமும் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்ற? எனக்கு ஒண்ணும் புரியல" என்றேன் ஒருநாள்.

"அதான் வேணும். நீ ஒரு சுவர், ஆர்லோ. சுவர்கிட்ட சொல்லிப் பார்த்தா எங்க உளறுறேன்னு எனக்கே கேக்கும்."

"சுவருக்குப் பசிக்குது. அந்தத் துண்டைத் தள்ளு."

"எரிஞ்சது எனக்கு, நல்லது உனக்கா?"

"ரெண்டும் எரிஞ்சதுதான்."

கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆலையில் கன்வேயரில் மாவு வட்டங்கள் வரிசையாக வரும்போது இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்திக்கொண்டிருந்தேன். கூட்டினால் பதினொன்று, பெருக்கினால் பதினெட்டு, ஒன்பதும் இரண்டும். அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. தலைக்குள் எதுவும் ஓடாமல் இருப்பதற்குப் பதிலாக இது ஓடியது, அவ்வளவுதான்.

அக்டோபரில் கணக்கு ஆசிரியர் ஹாக்ஸ்டாட் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் போனார். அவர் இடத்துக்கு வாலிபால் கோச் பிரிஸ்கோ வந்தார். வீடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். கேட் தாள்களைத் திருத்துவது முன்பே தாண்டிய மாணவர்கள். பள்ளியில் அதுதான் வழக்கம். சரியான விடைகள் அச்சிட்ட விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரி, தப்பு மட்டும் போட வேண்டும். எழுதியவர்களுக்குத் தாள் திரும்பி வராது. எந்தெந்த எண் தப்பு என்று மட்டும் சொல்வார்கள். பிறகு தாள்களை இயந்திரத்தில் போட்டுக் கிழித்துவிடுவார்கள், அடுத்த முறைக்குக் கேள்வி கசியக்கூடாதாம். ஒவ்வொரு முறையும் எண்கள் மாறும், ஆனால் எந்த இடத்தில் எந்த மாதிரிக் கேள்வி என்பது மாறாது.

மூன்றாம் முறை எட்டு. நான்காவதும் ஏழாவதும் தப்பு.

"நாலாவது தப்புதான், அது பின்னக் கணக்கு, நான் சொதப்பினது எனக்கே தெரியும்" என்றாள். "ஏழு எப்படித் தப்பாகும்?"

கேள்வி அவளுக்கு நினைவிருந்தது. ஒரு காகிதத் தட்டின் பின்பக்கம் எழுதினாள். x கூட்டல் ஏழு, அதற்கு வர்க்கமூலம். அது x கழித்தல் ஐந்துக்குச் சமம். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினாள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினாள். ஒன்பது, இரண்டு என்று இரண்டு விடை வந்தது.

"இப்ப திருப்பிப் போட்டுப் பாரு. ஒன்பதைப் போட்டா ரெண்டு பக்கமும் நாலு. சரியா? ரெண்டைப் போடு. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மைனஸ் மூணு. ஒட்டல."

"அப்ப அந்த ரெண்டு எங்கருந்து வந்துச்சு?"

"வர்க்கம் பண்ணோம்ல, அப்ப மைனஸ் காணாமப் போயிடும். அதுல பொய் விடை நுழைஞ்சுடும். அதனாலதான் கடைசில திருப்பிப் போட்டுப் பாக்கணும். நான் பாத்தேன். ஒன்பது மட்டும்தான் எழுதினேன்."

"தப்புன்னு சொல்லிட்டாங்களே."

"அதான்டா கேக்குறேன்!"

ட்ரெஸ்ஸாவைக் கூப்பிட்டாள். அவள் சில்வியின் தோழி. ஹாக்ஸ்டாட் இருந்தபோதே முதல் தடவையில் தாண்டியவள், அதனால் திருத்துகிறவர்களில் ஒருத்தி. ஃபோனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் சொல்லக்கூடாது, சில்வி. கையெழுத்தெல்லாம் வாங்கியிருக்காங்க."

"ஏய், போன வருஷம் உன் கெமிஸ்ட்ரி லேப் முழுக்க யார் எழுதினது?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஏழுக்கு விடைத்தாள்ல எப்பவும் ரெண்டு நம்பர் இருக்கு. ரெண்டும் எழுதினாத்தான் டிக்."

"அது தப்பு, ட்ரெஸ்."

"தெரியும்டி. ஹாக்ஸ்டாட் போனப்புறம் டீச்சர் பயிற்சிக்கு வந்திருந்த காலேஜ் பையன் ஒருத்தன் புதுசா விடைத்தாள் போட்டுட்டுப் போனான். நான் கோச்கிட்ட சொல்லாம இருப்பேனா? 'பேப்பர்ல என்ன இருக்கோ அதைப் பாரு'ன்னாரு. நான் என்ன பண்ண?"

"என் பேப்பர் உன்கிட்டயா வந்துச்சு?"

"இல்ல. சத்தியமா இல்ல. வந்திருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

சில்வி ஃபோனை வைத்தாள். காகிதத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏழாவதையும் சேர்த்தால் மூன்றாம் முறையே ஒன்பது. தாண்டியிருக்க வேண்டியவள். இரண்டு பேருக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தெரியும்.

மறுநாள் அவளே பிரிஸ்கோவிடம் போனாள். வந்து மேஜையில் பையைப் போட்டுவிட்டு அவர் குரலில் சொல்லிக் காட்டினாள். "'அதுக்கென்னம்மா, எல்லாருக்கும் அதே விடைத்தாள்தானே, எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே?' நான் போர்டுல போட்டுக் காட்டினேன், ஆர்லோ. ரெண்டைப் போட்டுக் காட்டினேன். மூணு, மைனஸ் மூணு. தலையை ஆட்டினாரு. 'சரி, பாக்குறேன்'னாரு. விசில் கழுத்துல தொங்குது. பாக்குற மூஞ்சியா அது?"

"பழைய பேப்பர்?"

"கிழிச்சாச்சு."

கடைசி முறை வியாழக்கிழமை. புதன்கிழமை மாலை அவள் சாப்பிடவில்லை. ஏழாம் கேள்வி மாதிரிக் கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரு விடை பொருந்தியது, ஒன்று பொருந்தவில்லை.

"நாளைக்கு என்ன எழுதட்டும்?" என்றாள்.

எனக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். "அவங்களுக்கு என்ன வேணுமோ அதை எழுது."

"அது தப்புன்னு எனக்குத் தெரியுதே."

"தெரிஞ்சா என்ன? ஆலையில மாட்டியிருக்கற பீட்சா படத்துல பெப்பரோனி, அந்த இறைச்சி வில்லை, பதினாறு துண்டு. மெஷின் பதினாலுதான் போடுது. நான் பதினாலு போனா சரின்னு கையெழுத்துப் போடுறேன். ரெண்டும் எழுது, தாண்டு, போயிடு. அங்க போய் சரியா எழுதிக்கோ."

"ஒருவேளை கோச் பாத்திருந்தா?"

"விசில் தொங்குதுன்னு நீதானே சொன்ன?"

அவள் சிரித்தாள், கொஞ்சமாக. "சுவர் இன்னைக்கு நிறையப் பேசுது" என்றாள்.

உண்மையில் அவள் போக வேண்டும் என்று நான் நினைத்தேனா என்பது எனக்குத் தெரியாது. அவள் இல்லாத மேஜையை நினைத்துப் பார்த்தேன். இருக்கும் மேஜையையும் நினைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் எதுவும் என் மனதில் தட்டுப்படவில்லை. ஆனால் கேட்டாள், சொன்னேன்.

வியாழக்கிழமை நான் எழுந்தபோது அவள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. நான் ஓவன் அடுப்பைப் போட்டு ஒரு பீட்சாவை உள்ளே தள்ளினேன்.

"எட்டு" என்றாள்.

நான் திரும்பினேன்.

"மூணாவது தப்பு. அடுக்கு மைனஸ்ல இருந்துச்சு, கீழ இறக்க மறந்துட்டேன். ஏழாவது தப்பு."

"ஏழுக்கு ரெண்டும் எழுதலையா?"

"எழுதினேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "கோச் செவ்வாய்க்கிழமை ராத்திரியே ஹாக்ஸ்டாட் வீட்டுக்கு ஃபோன் பண்ணியிருக்காரு. படுக்கையில கிடந்துக்கிட்டே அவர் புது விடை சொல்லியிருக்காரு. கோச் திருத்தி வெச்சுட்டாரு. இன்னைக்கு ஏழுக்கு ஒரே ஒரு நம்பர்."

"உன்கிட்ட சொல்லவே இல்லையா?"

"தேர்வுக்கு முன்னாடி விடைத்தாளைப் பத்திப் பேசக்கூடாதாம். ஒருத்திக்கு மட்டும் சொன்னா நியாயம் இல்லையாம்."

"போன தடவை நீ சரியா எழுதினதைச் சொன்னியா?"

"சொன்னேன். பேப்பர் இல்ல, எண்தான் இருக்குன்னாரு. ஏழு தப்புன்னு எழுதியிருக்கு. ஒரே விடை எழுதினவளா, ஒண்ணும் எழுதாதவளான்னு அவருக்கு எப்படித் தெரியும்? ட்ரெஸ்ஸா கூட வந்து எனக்காகப் பேசினா. அப்ப அவர் என்னைப் பாத்து, திட்டல ஆர்லோ, நிஜமாவே புரியாம கேட்டாரு. 'ரெண்டு பொருந்தாதுன்னு போர்டுல போட்டுக் காட்டினது நீதானேம்மா. அப்புறம் நீ ஏன் அந்த மாதிரி எழுதின?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? எங்க அண்ணன் பீட்சாவுல பெப்பரோனி குறையுதுன்னா?"

ட்ரெஸ்ஸா மூன்று தடவை ஃபோன் செய்தாள். அது மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து உப்புக் குப்பி வரை நகர்ந்தது. சில்வி எடுக்கவில்லை. நான் பீட்சாவை வெளியே எடுத்து வெட்டினேன். அவள் கோட்டோடு ஒரு துண்டு சாப்பிட்டாள், பிறகு இன்னொன்று. புதன்கிழமையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"அப்பாவுக்கு நீ சொல்றியா?" என்றேன்.

"ஏரி உறைஞ்சதும் வருவாருல்ல. அப்ப சொல்லிக்கலாம்."

"கல்லூரிக்கு எழுதிக் கேக்கலாமே."

"ட்ரெஸ்ஸாவும் அதைத்தான் சொல்றா. எழுதலாம். என்னன்னு எழுதறது? சரியான விடை எனக்குத் தெரியும், ஆனா எழுதலன்னா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து புள்ளியியல், நாலாவது பீரியட், அதே வராந்தாவின் மறுகோடி என்றாள். அங்கே முதல் வாரம் நாணயம் சுண்டிப் போட்டு எண்ணுவார்களாம்.

"உன்கிட்ட நான் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் பிறகு.

"ஆமா."

அதற்குமேல் அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். கத்துவாள், தட்டை எறிவாள் என்றுகூட. அப்படி எதுவும் நடக்கவில்லை. எழுந்து கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அறைக்குப் போகும் வழியில் நின்று, ஆலையில் கிறிஸ்துமஸுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். எடுக்கிறார்கள் என்றேன். எந்த வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்றாள். பின் வாசல், சரக்கு லாரி நிற்கும் பக்கம் என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன்.