நீக்கப்பட்டவர்களின் தேற்றங்கள்

போரில் தோற்ற நாட்டின் கணித அறிஞர்களை உலகக் கணிதக் கூட்டமைப்பிலிருந்து நீக்கிய மறுநாள் காலை, அவர்கள் நிறுவிய தேற்றங்கள் நகரத்துக் கரும்பலகைகளிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் காணாமல் போயின. அன்று சாக்பீஸ் விலையில் மாற்றமில்லை. தபால் வழக்கம்போல இரண்டு வேளையும் வந்தது. கல்லூரியின் பெரிய வகுப்பறையில் பலகை ஓரத்தில் ‘அழிக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தது அப்படியே இருந்தது, அழிக்கக் கூடாத சங்கதி மட்டும் இல்லை. துப்புரவு செய்யும் பெண் மீது பழி விழுந்தது. பலகைப் பக்கமே போகவில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நூலகத்தில் புத்தகங்களைத் திறந்து, பக்கத்துக்குப் பக்கம் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள், அதுவும் அரைமனதாக.

கூட்டமைப்பு தொடங்கியதே ஒரு வெட்கத்தில்தான். ஒரே தேற்றத்தை மூன்று நாடுகளில் மூன்று பேர் தனித்தனியாக நிரூபித்து, ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் திருடன் என்று பத்திரிகைகளில் ஏசிக்கொண்ட ஆண்டில், இனியும் இந்தக் கூத்து வேண்டாம் என்று சிலர் ஒரு ஓட்டலின் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். நான்கு ஆண்டுக்கு ஒரு மாநாடு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பத்திரிகை, எல்லா நாட்டுக்கும் ஒரே குறியீடுகள் என்று முடிவாயிற்று. குறியீடுகளுக்காக மட்டும் ஒரு தலைமுறை சண்டை போட்டது. ஓட்டலுக்குக் கொடுக்கக் காசில்லாததால் வெளிநாட்டு விருந்தாளிகள் உள்ளூர் உறுப்பினர் வீடுகளில் தங்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டே மேசை விரிப்பில் எழுதித் தள்ளிவிடுகிறார்கள் என்பதால், உறுப்பினர் வீடுகளின் சாப்பாட்டு அறையில் ஒரு கரும்பலகை மாட்டுவது வழக்கமாயிற்று.

கூட்டமைப்பின் செயலாளர் வீட்டிலும் ஒன்று மாட்டியிருந்தது. இந்த அம்மாளின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார்; கணக்கு வாடையே ஆகாத மனிதர். மகன் தாயைக் கொண்டு பிறந்திருந்தான். மாநாடு கூடும்போதெல்லாம் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு தாடிக்காரர் வந்து அவர்கள் வீட்டில்தான் தங்குவார். செயலாளரை அக்கா என்று கூப்பிடுவார். அந்த அம்மாளும் அவரை வா, போ என்றுதான் பேசுவார். மகனுக்கு அவர் தாடி மாமா. அந்தத் தாடிக்காரர் நிறுவிய ஒரு சின்னத் துணைத்தேற்றத்தை அடியில் வைத்து, மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே சொந்தமாக ஒன்றை நிரூபித்தான். சாப்பாட்டு அறைப் பலகையில் முழுதும் எழுதி, திரும்பி வந்து தாளில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போருக்குப் போனான்.

அங்கிருந்து அவன் அனுப்பியவை அச்சடித்த அட்டைகள்தான். நலம் என்ற வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கோடுபோட்டு அடித்து அனுப்பும் அட்டைகள். பிறகு அவையும் வரவில்லை. அவனைக் கொன்றது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த குண்டு என்று அதிகாரி வந்து சொன்னார். எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு எவ்வளவு தூரத்தில் விழும் என்று சொல்லும் அட்டவணைகளை அக்கரையில் போட்டுக் கொடுத்தது தாடிக்காரர் என்பது கணிதக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இக்கரையில் அதே வேலையைச் செய்தவர் கூட்டமைப்பின் தலைவர். அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். செயலாளருக்கு இதுவும் தெரியும். தெரிந்தும் அவர் வயிறு எரிந்தது ஒரு பக்கமாகத்தான். போர் முடிந்து நடந்த முதல் மாநாட்டில், அந்த நாட்டாரை நீக்கும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். தாடிக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன்னை நீக்குவதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்த முறை அவர் தங்கியது ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில்.

தேற்றங்களை வைத்துக்கொள்ளலாம், பெயர்களை மட்டும் எடுத்துவிடலாம் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். பாடப்புத்தகங்களில் அந்நாட்டார் பெயர் இருந்த இடங்களில் ‘நன்கு அறியப்பட்டதே’ என்று மாற்றி அச்சடிக்க ஏற்பாடும் செய்துவிட்டார்கள். தேற்றங்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவை போனதும், அவற்றை ஆதாரமாகக் கொண்டவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கின. காப்பீட்டு அலுவலகம் ஒரு மாதம் கதவைச் சாத்தியது. பாதி கட்டிய பாலத்தின் மேல் பொறியாளர்கள் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தார்கள். போனதையெல்லாம் நாமே புதிதாக நிரூபித்துவிட்டால் போகிறது, நம்முடையதாகவும் ஆகிவிடும் என்று தலைவர் மார்தட்டினார். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவர் ஒன்றை நிரூபித்தார். வாசித்துக் காட்ட எழுந்தபோது மூன்றாவது வரி கண் முன்னாலேயே போயிற்று. அதுவும் அந்நாட்டார் சரக்குதான். பழகிய பழக்கத்தில் யாருடையது என்று கேட்காமல் எடுத்துப் போட்டிருந்தார்.

செயலாளர் வீட்டில் முதல் நாளே துணைத்தேற்றம் போயிற்று. பிறகு மாதத்துக்கு ஒன்றாக மகன் எழுதிய வரிகள் போயின. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்த கணவர், கடையிலிருந்த கண்ணாடிகளை எல்லாம் மாட்டி மாட்டிப் பார்த்தார். பயந்துபோய் மிச்ச வரிகளைத் தாளில் எழுதி வைத்தார்கள். பலகையில் போனது தாளிலும் போயிற்று. சாப்பிடும்போது இருவரும் பலகைக்கு முதுகு காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

“இன்னும் ரெண்டு வரிதான் இருக்கு. நீ கொண்டுவந்த தீர்மானம்தானே, நீயே எடுத்துடு,” என்றார் கணவர் ஒருநாள்.

“அவனக் கொன்னவர மறுபடி உள்ள கூப்பிடச் சொல்றீங்களா?”

“யார் வந்தா என்ன, யார் போனா என்ன. எனக்கு எம்பிள்ள கையெழுத்து வேணும்.”

செயலாளர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தலைவரிடம் போய், தீர்மானத்தை ரத்து செய்யக் கூட்டம் கூட்டச் சொன்னார். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. யாரையும் விட்டுவிட்டு எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று, தொடங்கிய நாடுகள் அத்தனையும் உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும் என ஆதியிலேயே விதி எழுதியிருந்தார்கள். ஒரு நாட்டைத் தூக்கும்போது அந்த விதியைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வரியில் காற்புள்ளி தவறினால் ஊரைக் கூட்டுகிறவர்கள் இதைக் கோட்டைவிட்டிருந்தார்கள்.

“விதிய மாத்திட்டா ஆச்சு,” என்றார் தலைவர்.

“மாத்தவும் கூட்டம் வேணுமே.”

“அப்ப கூட்டம் போட அந்த நாட்டுக்காரங்க வரணும். அவங்க வர கூட்டம் போடணும். நல்லா மாட்டிக்கிட்டோம்மா.”

செயலாளர் யாரையும் கேட்காமல் தாடிக்காரருக்குத் தந்தி அடித்தார். வரவும் என்று ஒரே வார்த்தை. அதை எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு பகல் பிடித்தது. தந்தி குமாஸ்தா பொறுமையிழந்து, இன்னும் கொஞ்சம் வார்த்தை சேர்த்தாலும் அதே கட்டணம்தான் என்றார்.

தாடிக்காரர் வந்தார். தாடி நரைத்து, கோட்டு தொளதொளத்துப் போயிருந்தது. நீக்கப்பட்டவர் உள்ளே உட்காரலாமா என்று காலை முழுக்க வாதம் நடந்தது. கடைசியில் அவர் நாற்காலியின் இரண்டு கால்களைக் கூட்ட அறையிலும் இரண்டு கால்களைத் தாழ்வாரத்திலுமாகப் போட்டு, வாசற்படி மேல் அவரை உட்காரவைத்தார்கள். இதில் எல்லோருக்கும் திருப்தி. ரத்துத் தீர்மானத்தைச் செயலாளர் முன்மொழிந்தார். கைகள் உயர்ந்தன. கல்லூரிப் பலகைகள் அன்று மாலைக்குள் நிறைந்தன. பொறியாளர்கள் பாலத்துக்குப் போனார்கள்.

விருந்தாளி வீட்டில் தங்குவதுதான் வழக்கம் என்று கணவர் தாடிக்காரரை அழைத்து வந்துவிட்டார். சாப்பாட்டு அறையில் மகனின் வரிகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன, அவன் அழுத்தி எழுதியதில் உதிர்ந்த பொடிகூடப் பலகையின் கீழ்ச் சட்டத்தில் கிடந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதார். தாடிக்காரர் பலகை முன் நின்று மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். கடைசிக்கு முந்தின வரியில் பையன் ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தான். கணிதக்காரர் கை சும்மா இருக்குமா, அது தானாகச் சாக்பீஸை எடுத்துவிட்டது.

“தொடாதீங்க,” என்றார் செயலாளர். அவரை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தாடிக்காரர் சாக்பீஸை வைத்தார். வெள்ளையான விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“அந்த அட்டவணை. அது நீங்கதானே போட்டீங்க?”

“நாந்தான்க்கா.”

“அதுல ஏதாவது தப்பு இருந்துச்சா?”

அவர் யோசிக்கவில்லை. “இல்லக்கா. ஒவ்வொண்ணையும் மூணு தடவ சரிபார்த்தேன். தப்பே இல்ல.”

“ஒரு தப்பு விட்டிருக்கலாமே தம்பி,” என்றார் செயலாளர். “எங்கயாவது ஒண்ணு.”

பிறகு கூட்டமைப்புக்குள் பல சண்டைகள் வந்தன. இன்னொரு போரும் வந்தது. இன்னாரை நீக்க வேண்டும் என்று பேச்செழும்போதெல்லாம் உறுப்பினர்கள் முதலில் பலகையில் கணக்குப் போட்டு, எது எது போகும் என்று பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றது. தாடிக்காரர் சாகும்வரை மாநாட்டுக்கு மாநாடு வந்து அந்த வீட்டில்தான் தங்கினார். அவருக்குத் தட்டு வைத்தவர் கணவர். மாநாட்டுக்கு மாநாடு புதிதாக எழுதும் உறுப்பினர் பட்டியலில் அவரைச் சேர்க்க ஒவ்வொரு முறையும் எழுந்து முன்மொழிந்தவர் செயலாளர். அது ஒன்றைத் தவிர அவர் பெயரை அந்த அம்மாள் வேறெங்கும் சொன்னதில்லை.