முதல் பத்து சதவீதம்

வாசல் காவலர் நீட்டிய பதிவேட்டில் பெயர் எழுதக் குனிந்தபோதுதான் கிருஷ்ணப்ரியா அதைப் பார்த்தாள். இரண்டு வரி மேலே, குண்டு குண்டான எழுத்தில், வைஷ்ணவி சந்திரமௌலி. வந்த நேரம் ஒன்பது ஐந்து. வந்த காரணம், பிஎச்.டி. நேர்காணல். மூன்று வருடமாக விடைத்தாள்களில் பார்த்துப் பழகிய கையெழுத்து. பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். பின்னால் நின்றவரின் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் அவள் செருப்பில் சொட்டியது. "மேடம், ஜல்தி" என்றார் காவலர். காரணம் என்ற கட்டத்தில் 'மீட்டிங்' என்று எழுதிவிட்டு உள்ளே நடந்தாள்.

இந்த நாளில் வைஷுவுக்கும் அழைப்பு இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நேர்காணல் மூன்று நாட்கள் நடக்கிறது, ஒரே நாளில் வராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

எட்டு வருடமாக ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். 'க்ளாக் அவர்' வேலை. எடுத்த வகுப்புக்கு மட்டும் சம்பளம். ஏப்ரலோடு வகுப்புகள் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஜூலையில் மறுபடியும் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. முடித்த வருடமே கல்யாணம் ஆகி, ஹடப்சரில் ஐ.டி. வேலை பார்க்கும் அச்சுதனோடு பூனாவுக்கு வந்தவள். முதலில் வேலை கிடைத்ததே பெரிதாக இருந்தது. பிறகு வேலை பழகியது. பிறகு ஒவ்வொரு வருடமும் நாலைந்து பிள்ளைகள் அவள் மேசையைச் சுற்றி நின்று, மேலே என்ன படிப்பது, எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அதற்குச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கையைச் சின்ன வயதில் பார்த்த நட்சத்திரங்களில் ஆரம்பிக்காதே, எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ப்ராஜெக்டில் எது சொதப்பியது, அதை எப்படிச் சரிசெய்தாய் என்று எழுது. வழிகாட்டியின் பெயரைப் பார்த்துப் போகாதே. அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார். டாக்டர் பட்டம் வாங்குகிறவர்களில் பேராசிரியர் ஆகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் கையில் இன்னொரு வித்தையும் வைத்துக்கொள். நேர்காணலில் தெரியாததைத் தெரியாது என்று சொல். இதையெல்லாம் அவள் அனுபவித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிள்ளைகளுக்காகத் தேடித் தேடிப் படித்தது. போன வருடம் வைஷுவுக்காக உட்கார்ந்து ஒவ்வொரு நிறுவனமாக அலசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வயது வரம்பு இல்லை என்ற வரி கண்ணில் பட்டது. அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பிஎச்.டி. நுழைவுத் தேர்வைத் தானும் எழுதப் போசரியில் ஒரு மையத்தைத் தேர்ந்தெடுத்தாள். கல்லூரிப் பிள்ளைகள் யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். மதிப்பெண் வந்த அன்று அச்சுதனிடம் சொன்னாள். அவன் காபியைக் கீழே வைத்தான்.

"அஞ்சு வருசம் சரி ப்ரியா. அப்பறம்?"

"அப்பறம் போஸ்ட்டாக் ஆராய்ச்சிக்குப் போகணுங்க. ரெண்டு மூணு வருசம்."

"எந்த ஊர்ல?"

"அது இப்பவே எப்படித் தெரியும்?"

"நான் வேண்டான்னு சொல்லல. கேக்கறேன், அவ்ளோதான்."

அவன் கேட்டது நியாயம்தான். வைஷு கேட்டிருந்தால் இதே கேள்விகளை அவளிடம் இவளே எழுப்பியிருப்பாள். அதனால்தானோ என்னவோ, அந்த 'அவ்ளோதான்' பல நாட்கள் காலில் குத்திய முள்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தல் அது ஒன்று மட்டுமில்லை. வைஷுவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, கிருஷ்ணப்ரியாவின் சொந்த விண்ணப்பம் போய் நான்கு நாளாகியிருந்தது. கடிதத்தை நன்றாகவே எழுதினாள். அதன் கீழே சில கட்டங்கள் இருந்தன. நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் எந்த இடம்? முதல் ஐந்து சதவீதமா, பத்தா, இருபத்தைந்தா? எட்டு வருடத்தில் வைஷுவைப் போல ஒரு பெண்ணை அவள் பார்த்ததில்லை. மவுஸின் அம்பு முதல் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பத்து சதவீதத்தைச் சொடுக்கி அனுப்பிவிட்டாள். எல்லோரையும் உச்சியில் வைத்தால் கடிதத்துக்கு மதிப்பிருக்காது என்று ஸ்டாஃப் ரூமில் தனியாக, வாய்விட்டே, சொல்லிக்கொண்டாள்.

முதல் மாடி நடையில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் மடியில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஓரத்திலிருந்து வைஷு துள்ளி எழுந்தாள்.

"மேம்! நீங்களா? எனக்காக வந்தது நீங்க?" பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள், வீட்டில் மட்டும் பேசும் தமிழை அவசரத்தில் அப்படித்தான் அடுக்குவாள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வைஷுவின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"ஆமா" என்றாள் கிருஷ்ணப்ரியா. "இந்தப் பக்கம் வேற வேலையும் இருந்துச்சு."

"ஸச்சி? நெஜமாவா? என் கை பாருங்க, பூரா தண்டா." அவள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்றுதான் இருந்தது. இவளுடைய கையும் அப்படியே இருந்ததை அந்தப் பெண் கவனித்ததாகத் தெரியவில்லை. "மேம், உங்க லெட்டருக்கு நான் தேங்க்ஸ்கூட ஒழுங்கா சொல்லல. அப்பா சொல்றார், இன்டர்வ்யூ கால் வந்ததே அதனாலதான்னு."

"அதெல்லாம் இல்ல. நீ எழுதின பரீட்சைக்கு வந்தது."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு உடனே எழுந்து கீழே போய்விடலாம் என்று தோன்றியது. தண்ணீர் குடிப்பதுபோல் போய், அப்படியே ரிக்ஷா பிடித்துக் கோந்த்வா வீட்டுக்குத் திரும்பிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஜூலையில் மறுபடி விண்ணப்பம், அதே கரும்பலகை, அதே மேசை. கைப்பையின் வாரை இரண்டு முறை தோளில் மாட்டிக் கழற்றினாள்.

கதவு திறந்தது. ஒரு பையன் முகம் சிவக்க வெளியே வந்தான். அவன் பின்னால் வந்த அலுவலக அம்மாள் தாளைப் பார்த்து உரக்கப் படித்தாள்: "கிருஷ்ணப்ரியா அச்சுதன்."

யாரும் அசையவில்லை. அம்மாள் இன்னொரு முறை படித்தாள். வைஷு நடையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்ல இவள் பக்கம் திரும்பினாள். கிருஷ்ணப்ரியா எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஐந்து பேர் இருந்தார்கள். கிண்ணத்துக்குள் உருளும் ஒரு கோலியின் அலைவுக் காலத்தைக் கேட்டார்கள். வருடா வருடம் வகுப்பில் போடும் கணக்கு; கை தானாக எழுதியது. "நல்லது. இப்போது கிண்ணமும் மேசைமேல் வழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் நடுவில் இருந்தவர். சாக்பீஸ் நின்றுவிட்டது. எட்டு வருடத்தில் கிண்ணத்தை அவள் ஒருமுறைகூட நகரவிட்டதில்லை. "தெரியவில்லை, முயன்று பார்க்கிறேன்" என்றாள். உந்தத்தில் பிடித்துப் பாதி தூரம் வந்தாள், அங்கே ஒரு குறியைத் தப்பாகப் போட்டாள், அவர்கள் சுட்டிக்காட்டத் திருத்தினாள். இத்தனை வருடம் கழித்து ஏன் என்று கேட்டார்கள். "மற்றவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லி, எனக்கும் போக வேண்டும் போலாகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஓரத்தில் இருந்த பெண் பேராசிரியர் சிரித்தார். "உங்கள் மாணவி ஒருத்திக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். மிகவும் ஜாக்கிரதையான கடிதம்." அது பாராட்டா என்று அவர் முகத்தில் தேடுவதற்குள், போகலாம் என்றார்கள்.

வெளியே வைஷு அதே நாற்காலியில் இருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் கோப்பு இருந்தது. கிருஷ்ணப்ரியா அருகே நிற்கவும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாம் மேம்."

"சொல்லியிருக்கணும்."

"நான் என் எஸ்.ஓ.பி. பூரா உங்களுக்குக் காட்டினேன். நாலு தடவை."

கிருஷ்ணப்ரியா அவள் பக்கம் குனிந்தாள். முதலில் வெளியே வருகிறவரைப் பிடித்து என்ன கேட்டார்கள் என்று கேள், அதில் வெட்கமே வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னது இவள்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வைஷு, என்ன கேட்டாங்கன்னு சொல்றேன். ஒரு கிண்ணம்…"

"வேணாம் மேம்."

"எல்லாரும் சொல்றதுதான். தப்பில்ல."

"வேணாம், ப்ளீஸ்." அவள் இப்போது நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை. "நீங்க சொல்லி எனக்குக் கிடைச்சா, உங்களுக்குக் கிடைக்கலன்னா, அப்புறம் நான் என்ன பண்றது? அது எப்பவும் என்கூடவே இருக்கும்."

பதிலுக்கு ஒன்றைச் சொல்ல வாயெடுத்தாள் கிருஷ்ணப்ரியா. கடிதத்தைப் பற்றி, அந்தக் கட்டத்தைப் பற்றி. இன்று சொன்னால் உள்ளே போகிறவளின் காலை வாரிவிடுவதாகும். சொல்லாவிட்டால் இன்னொரு முறை ஏமாற்றுவதாகும். அவள் தேர்ந்தெடுப்பதற்குள் கதவு திறந்து வைஷ்ணவி சந்திரமௌலி என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

வைஷு இரண்டு அடி போய் நின்றாள். "நீங்க நல்லா பண்ணீங்களா மேம்?"

"பாதி."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இனி அங்கே கிருஷ்ணப்ரியாவுக்கு வேலை இல்லை. அச்சுதனிடமிருந்து இரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வைஷு விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்திருந்தது. கதவுக்குப் பின்னால் பேச்சுக் குரல்கள் தெளிவில்லாமல் கேட்டன. பிறகு கரும்பலகையில் சாக்பீஸ் ஓடும் சத்தம், சீராக, நீண்ட வரிகளாக.

சட்டென்று அது நின்றது.

யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது. எப்போது எழுந்தாள் என்றே தெரியாமல் கிருஷ்ணப்ரியா கதவருகே நின்றிருந்தாள், கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு. வரிசையில் இருந்த பையன்கள் அவளையே பார்த்தார்கள். உள்ளே சாக்பீஸ் பலகையில் ஒருமுறை தட்டியது. இன்னொரு முறை. பிறகு வேகமாக, கிறீச்சிட்டபடி, நிற்காமல் ஓடத் தொடங்கியது.