சங்கு ஊதியபோது

மில் விடுதியிலிருந்து யாரும் தனியாக வெளியே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அவிநாசி கோயிலுக்குக் கூட்டிவந்தபோது, வேல்விழி கூட்டத்திலிருந்து நழுவி கோவை பஸ்ஸில் ஏறிவிட்டாள். சீருடையைத் துப்பட்டா மறைத்திருந்தது.

“தனியாவா போறே கண்ணு?” என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார்.

“ஆமாங்க. காலேஜ் ஹாஸ்டலுக்குங்க.”

அவர் சிரித்து, கடலைப் பொட்டலத்தை நீட்டினார். வேல்விழிக்கு மூச்சு சீரானது.

வழியில் ஏதோ ஒரு மில்லில் சங்கு ஊதியது. வேல்விழி எழுந்து, கைகளைப் பின்னால் கட்டித் தலைகுனிந்து நின்றாள். விடுதியில் சங்கு ஊதினால், தலை எண்ணி முடிக்கும்வரை அப்படித்தான் நிற்க வேண்டும். சத்தம் ஓய்ந்த பிறகுதான் பஸ்ஸில் நிற்கிறோம் என்று உறைத்தது.

“உக்காரு கண்ணு,” என்றார் அந்தப் பெண், அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி. “எங்க மில் ஹாஸ்டல் புள்ளைகளும் இப்படித்தான் நிக்கும்.”

மறுகையால் கைப்பேசியை எடுத்தார்.