நாங்கள் வளைத்த இசைத்தட்டு

யோகநாதனுக்கு நாங்கள் ரசிகர்கள் இல்லை, வெறியர்கள். அவன் நாடகம் எங்கே நடந்தாலும் கண்டாவளையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போய்விடுவோம். ஆர்மோனியத்துக்கு மேலே அவன் குரல் எழும்பினால் எனக்குப் புல்லரிக்கும்.

ஐம்பத்தொன்பதில் அவன் கொழும்புக்குப் போய் ஓர் இசைத்தட்டுப் பதிந்து வந்தான். கேட்டுப் பார்க்காமலே எங்களூரில் ஒன்பது பேர் அதை வாங்கினோம். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஜவாஹிர் நானா தொழிலுக்கென்று பத்தாவதாக ஒன்று வாங்கி, கோயில் திருவிழாவில் போட்டார். முருகன் பாட்டுத்தான். ஆனால் ஆர்மோனியம் இல்லை. கிற்றாரும் டிரம்மும் முழங்கின.

"முருகனை டான்ஸ் ஆட விட்டிருக்கிறான், நிப்பாட்டுங்கோ" என்று முதலில் எழும்பியவன் நான்தான்.

கொதிநீரில் போட்டால் இசைத்தட்டு இளகும். சட்டியில் வைத்து அமத்தினால் கிண்ணமாகிவிடும். ஒன்பது தட்டும் கிண்ணமாயின. என்னுடையதன் நடு ஓட்டையைத் தாரால் அடைத்து, நாலு பேரோடு போய் யோகநாதன் கையிலேயே கொடுத்தேன்.

"கோழிக்குக் குறுணி போட உதவும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. தொண்டை சரியில்லை என்றான். நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது.

ஜவாஹிர் நானா தன் தட்டை வளைக்கவில்லை. கலியாண வீடுகளில் இடையிடையே அதைப் போடுவார். இரண்டு வருடம் ஏசினோம். பிறகு பேசாமல் இருந்தோம். பிறகு தொடையில் தாளம் போட்டோம். வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது அந்தப் பாட்டுத்தான் என் வாயில் வந்தது. என் மேல் எனக்கே எரிச்சல்.

ஏழு வருடத்தில் அந்தத் தட்டும் தேய்ந்து, கரகரப்பு மட்டுந்தான் மிஞ்சியது. திருவிழாவுக்கு யோகநாதனையே பாட வைக்க வேண்டும் என்றது ஊர். நான் கேட்கப் போனேன்.

முற்றத்தில் வேலிக்கு நடும் கதியால் தடிகளைச் சீவிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பாட்டைத்தான் எல்லாரும் கேக்கினம். நாங்கள் பிழை விட்டிட்டம், யோகநாதன். வந்து பாடு."

"அது நல்ல பாட்டில்லை, வீரகத்தியண்ணை. நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதான்."

"இல்லையடா. அண்டைக்கு எங்களுக்கு விளங்கேல்லை."

"என்ரை பாட்டை உங்களை விட ஆர் கேட்டவை? நீங்கள் சொன்னதை நம்பித்தான் விட்டனான். இப்ப மாத்திச் சொன்னால் நான் எதை நம்புறது?"

கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

வெட்கத்தை விட்டு, முதலடியை நானே பாடிக் காட்டினேன். அவன் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அதுக்குப் பிறகு என்ன வரும், அண்ணை?"

"உனக்குத் தெரியாதே?"

"மறக்க வேணுமெண்டு மறந்தனான்."

குசினி வாசலில் அவன் மனைவி இலட்சுமி கோழிகளைக் கூப்பிட்டாள். கையில் அந்தக் கறுத்த கிண்ணம். வரிகளுக்குள் தவிடு அப்பிக் கிடந்தது. அவள் அதில் குறுணியைக் கொட்டினாள், ஒரு மணிகூட ஒழுகவில்லை. அந்த ஓட்டையை நான் அவ்வளவு நன்றாக அடைத்திருந்தேன்.