சிரிலின் அறையில் இருந்த அட்டைகள்

அட்டை வியாபாரி காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். எமில் விராபெல் அதற்கு வெகு முன்பே அம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்தவன் மாடிக்குப் போகவில்லை. மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா பெர்ணடெட் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டேய், அந்த மனுஷன் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கீழ இறக்கி வெச்சா என்ன?"

"நீயே போய் எடுத்துட்டு வாயேன்."

"எனக்கு முட்டி வலி."

"எனக்கும் முட்டி வலிதான்."

"உனக்கு வலி முட்டியிலயா இருக்கு?" என்றாள் அவள்.

சிரில் அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன். மருந்துக்கடையில் பபிள்கம் பொட்டலத்துக்குள் வரும் பேஸ்பால் அட்டைகள் என்றால் அவனுக்கு உயிர். பேப்பர் போட்ட காசு, பக்கத்து வீட்டுப் பனியை வாரிய காசு எல்லாம் அதற்கே போகும். முன்பக்கம் ஆட்டக்காரனின் படம், பின்பக்கம் அவன் பிறந்த தேதி, ஊர், அடித்த ரன். சிரில் அவற்றை வருஷவாரியாக, அணிவாரியாகப் பிரித்து ஷூ பெட்டிகளில் நிற்க வைத்திருந்தான். ஒரு மூலை மடங்கியிருந்தால்கூட அந்த அட்டைக்கு அவனிடம் இடமில்லை. பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு எமிலின் தலையில் ஒரு குட்டு வைத்தான்.

"தொட்டேன்னு தெரிஞ்சுது, கையை ஒடிச்சிருவேன்." பிறகு அம்மாவிடம் திரும்பி, "அம்மா, பாத்துக்க," என்றான்.

வியட்நாமில் ஒரு ஆற்றங்கரையில் ரோந்து போன கூட்டம் அறுபத்தெட்டாம் வருஷ வசந்தத்தில் முகாமுக்குத் திரும்பியபோது அதில் சிரில் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. சீருடைக்காரர்கள் இருவர் வந்து, காணவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சில வருஷம் கழித்து வேறு இருவர் வந்தார்கள். இறந்துவிட்டதாகவே கருதுகிறோம் என்றார்கள். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "நீங்க கருதிக்குங்க. நான் கருதல," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அன்று முதல் யங்ஸ்டவுன் ஊரில் யாரும் அவளிடம் சிரிலைப் பற்றி இறந்தகாலத்தில் பேசியதில்லை. அப்பா போனபோது, கல்லறையில் பக்கத்திலேயே மகன் பெயரையும் வெட்டிவிடலாமா என்று பாதிரியார் மெதுவாகக் கேட்டார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். வீட்டை விற்றாக வேண்டும். அட்டைகளையும் விற்று, அந்தக் காசில் சிரிலுக்கு ஒரு கல் வைத்துவிடலாம் என்றாள் பெர்ணடெட். எமிலும் போனில் சரி என்றுதான் சொல்லியிருந்தான்.

போனில் சொல்வது சுலபம்.

அண்ணன் காணாமல் போனபோது எமில் பள்ளிப் பையன். ஒருநாள் மத்தியானம் பள்ளி விட்டு வந்தான். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. சமையலறையில் அம்மா இல்லை. மாடிப்படியில் கால் வைத்தவனுக்கு அந்த வாசனை வந்தது. பபிள்கத்தின் இனிப்பு வாசனை. சிரிலின் சட்டையில், மூச்சில் எப்போதும் இருந்த வாசனை. சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் சத்தமும் கேட்டது. சட், சட் என்று ஒரு அட்டையின் மேல் இன்னொரு அட்டை விழும் சத்தம். சிரில் அட்டை பிரிக்கும்போது வரும் அதே சத்தம். எமில் வந்த வழியே ஓடிப்போய்ப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. முகம் சட்டென்று சிவந்து, ஏதோ வெளிச்சம் பட்டதுபோல் ஆயிற்று.

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சும்மா."

"அப்பாகிட்ட சொல்லாதே," என்றாள்.

அவன் சொல்லவில்லை. அதன்பின் எத்தனையோ தடவை கேட்டது. முதலில் பயமாக இருந்தது. போகப்போகப் பயம் பழகி வேறொன்றாயிற்று. ஆலை மூடி அப்பா வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தபோதும், எமிலுக்கே கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும், இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் காது தன்னால் மாடிப் பக்கம் போகும். அண்ணன் இருக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு தைரியம். இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

வாசல் மணி அடித்தது. அட்டை வியாபாரி கர்டிஸ் நோலன் பருத்த மனிதர். பக்கத்து ஊரான ஆக்ரனிலிருந்து வந்திருந்தார். பெர்ணடெட் நீட்டிய காபியை மறுத்துவிட்டார்.

"காபிக் கையோட அட்டையைத் தொட மாட்டேன்மா. என் சம்சாரம் சொல்லும், குழந்தையைத் தூக்கும்போதுகூட நீ இவ்வளவு கை கழுவினதில்லன்னு."

பெர்ணடெட் சிரித்துவிட்டாள். மூவரும் மாடி ஏறினார்கள். எமில் கடைசியாக ஏறினான். பெர்ணடெட் கதவைத் திறந்தாள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அலமாரியில் ஷூ பெட்டிகள் வரிசையாக, சுவர் மறைய நின்றன. இவ்வளவு பெட்டிகளா என்று எமிலுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த அறைக்குள் அவன் நின்று வருஷக்கணக்காகியிருந்தது.

நோலன் படுக்கையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, முதல் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் மூச்சு மாறியது.

"யாரு சார் இதை வெச்சிருந்தது? மூலையைப் பாருங்க. நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. நாங்க வாங்கறதுல பாதி, பசங்க சத்தம் வர்றதுக்குச் சைக்கிள் சக்கரத்துல சொருகி ஓட்டினதுதான் வரும்."

"எங்க தம்பி," என்றாள் பெர்ணடெட். "அவன் ஒரு மாதிரி."

இரண்டாவது, மூன்றாவது என்று பெட்டிகள் திறந்தன. பிறகு ஒரு பெட்டியில் அவர் கை தயங்கியது. ஒரு அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். இன்னொன்றையும் படித்தார்.

"உங்க தம்பி எப்ப போனார்னு சொன்னீங்க?"

"அறுபத்தெட்டு," என்றான் எமில்.

"இது அறுபத்தொம்பது சார்."

நோலன் அடுத்த பெட்டியை எடுத்தார். "இது எழுபத்தொண்ணு. இந்தக் கறுப்புக் கரை அந்த வருஷம் மட்டுந்தான் வந்துது. இது எழுபத்தாறு. இது எண்பத்திரண்டு." அவர் குரல் தணிந்தது. "எல்லாம் அதே மாதிரி அடுக்கியிருக்கு. அணிவாரியா. ரெண்டு ரெண்டா வந்தது தனியா ரப்பர் பேண்டு போட்டு… மத்த பசங்களோட மாத்திக்கறதுக்கு."

பெர்ணடெட் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்காரக்கூடாத படுக்கை அது. நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

"அம்மா," என்றாள்.

"என்ன அம்மா?" என்றான் எமில்.

"ஞாயித்துக்கிழமை பசங்களைக் கூட்டிட்டு வருவேன்ல. பபிள்கம் குடுப்பா. ஏப்ரன் பையிலேருந்து எடுத்துக் குடுப்பா. காகிதம் இருக்காது, பேர் இருக்காது, மேல மாவு பூத்த மாதிரி வெறும் கம். எங்க வாங்கறேன்னு நான் ஒருநாள்கூடக் கேக்கலடா. பல்லு போயிரும்னு சண்டைதான் போட்டேன்."

எமில் அலமாரியைப் பிடித்துக்கொண்டான். மருந்துக்கடைக்காரரிடம் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, பொட்டலங்களைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்து வருவது அவன் கண்ணில் நின்றது. பேஸ்பால் என்றால் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பகலில் எல்லோரும் போன பிறகு இந்த அறையில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, தெரியாத பெயர்களை உதட்டை அசைத்துப் படித்து, சரியான அணிக்குள் சொருகியிருக்கிறாள். மகன் திரும்பி வந்தால் நடுவில் ஒரு வருஷமும் விட்டுப்போயிருக்கக் கூடாது. அவன் பார்த்துக்கச் சொன்னான். அவள் பார்த்துக்கொண்டாள்.

எமிலுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது பாதியில் உடைந்தது.

"என்னடா?" என்றாள் அக்கா.

"அது அம்மா, அக்கா. சின்ன வயசுல இங்க சத்தம் கேக்கும். வாசனை வரும். நான் சிரில்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் சிரில்னே நெனச்சிட்டிருந்தேன்."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையேடா."

"அவன் வரவே இல்ல," என்றான் எமில். "ஒரு தடவைகூட வரல."

சீருடைக்காரர்கள் வந்தபோது அவன் அழவில்லை. அழ அம்மா விடவில்லை. நாற்பத்தேழு வயதில், ஒரு வியாபாரியின் முன்னால், மேல்கோட்டோடு நின்று அழுதான். நோலன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெர்ணடெட் எழுந்து தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அழுகை அடங்கிய பிறகு நோலன் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பழையது எல்லாத்தையும் எடுத்துக்கறேன், நல்ல விலைக்கே எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் வந்ததுல சிலது தேறும். எண்பதுக்கு மேல போனா… லாரி லாரியா அடிச்சுத் தள்ளிட்டாங்க சார். கொண்டு போனா குப்பைலதான் போடணும். அதை நான் செய்ய மாட்டேன்."

"அவன் பட்டாளம் போறவரைக்கும் வந்ததை மட்டும் எடுத்துக்கங்க," என்றான் எமில்.

"தேறுறதையாவது…"

"அது அவனோடது இல்ல."

கடைசிப் பெட்டியில் பிரிக்காத பொட்டலங்கள் கிடந்தன. அம்மாவின் விரல்கள் முடங்கிப்போன பிறகு வாங்கியவை. நோலன் அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "கம் வெச்சுக் குடுக்கறதை நிறுத்தியே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே. இந்த ரூம்ல இன்னும் எப்படி மணக்குது?" என்றார்.

"பழைய அட்டையில ஊறியிருக்கும்," என்றாள் பெர்ணடெட்.

"இருக்கும்," என்றார் அவர்.

எமிலுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. போன இலையுதிர் காலத்தில் அம்மாவின் கட்டிலைக் கீழே கூடத்தில் போட்டிருந்தார்கள். அவளால் படியேற முடியாது, உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும். ஒரு மத்தியானம் எமில் அவளுக்குக் கோழி சூப் ஊட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்போது மேலே சட், சட் என்று கேட்டது. கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அம்மா கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். பயப்படவில்லை. ஆச்சரியப்பட்டாள். வாழ்நாள் முழுக்கத் தானே செய்துவந்த சத்தத்தை இன்னொருவர் செய்து கேட்பவளின் ஆச்சரியம் அது என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அதை அக்காவிடம் சொல்ல வாயெடுத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டிகளுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். கல்லறைக் கல்லுக்கு எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். ஒரு வழியாகத் தம்பியைப் புதைக்க மனசு வந்திருக்கிறது அவளுக்கு. எமில் வாயை மூடிக்கொண்டான்.

பெட்டிகளை அவனே தூக்கி நோலனின் வண்டியில் வைத்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. நோலன் பின்கதவைச் சாத்துமுன் நின்றார்.

"ஒண்ணு ரெண்டு எடுத்து வெச்சுக்கங்க சார். எல்லாரும் வெச்சுப்பாங்க. நான் கணக்குல பிடிக்க மாட்டேன்."

"வேணாம். சேர்ந்தே போகட்டும். கலைச்சா கையை ஒடிச்சிருவான்."

வண்டி தெருமுனையில் திரும்பியது. எமில் நடைபாதையிலேயே நின்றான். வீட்டைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயமா, இனிக் கேட்காமலே போய்விடுமோ என்ற பயமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அன்று அவன் மறுபடி மாடி ஏறவில்லை. அம்மா சேர்த்த பெட்டிகளைப் பெர்ணடெட்தான், முட்டி வலியைத் திட்டிக்கொண்டே, ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து அவன் வண்டியில் ஏற்றினாள்.

குளிர் விட்ட பிறகு கல் வைத்தார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பக்கத்தில், சிரில் விராபெல் என்ற பெயரும், பிறந்த வருஷமும் போன வருஷமும். கீழே மண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பாதிரியார் அந்த மண்ணைப் பார்த்துத்தான் ஜெபம் சொன்னார். முடிவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அக்காவும் தம்பியும் ஓடிப்போய் எமிலின் வண்டியில் உட்கார்ந்தார்கள்.

பின்சீட்டில் அந்தப் பெட்டிகள் இன்னும் அப்படியே இருந்தன. வீட்டுக்குள் எடுத்துப்போக எமிலுக்கு மனம் வரவில்லை, வெளியே போடவும் மனம் வரவில்லை. பெர்ணடெட் கையை நீட்டிப் பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"பிரிக்கட்டுமா?"

"பிரி."

அவள் நகத்தால் கிழித்து, மேலே இருந்த அட்டையை எடுத்துக் கண்ணாடியைத் தேடினாள். கிடைக்கவில்லை. அட்டையைத் தம்பியிடம் நீட்டினாள். மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் சிரித்தபடி நின்றான். அவன் பெயரை இருவருமே கேள்விப்பட்டதில்லை.

"யாருடா இது? மீசைகூட முளைக்கல. குழந்தை மாதிரி இருக்கான்."

எமில் அட்டையைத் திருப்பிப் பிறந்த வருஷத்தைப் பார்த்தான். விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். மழை வண்டிக் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"சிரில் போன வயசைவிட ரெண்டு வயசு பெரியவன், அக்கா," என்றான்.